தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்

பக்கத்து வீட்டில் தீப்பெட்டி இருக்கும்போது, கொட்டுகிற மழையில் இரண்டு மைல் நடந்து கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வருகிற மனிதரை என்னவென்று சொல்வது? நான் அப்போது சொன்ன வார்த்தை, கொழுப்பு. ஏனென்றால் அந்தப் பக்கத்து வீடு என்னுடையது. எங்கள் அடுப்படி சன்னலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலிதான். சன்னலைத் திறந்து கையை நீட்டினால் போதும்.

"ஏண்ணே, ஒரு குரல் குடுத்தா நான் தரமாட்டேனா?" என்று நனைந்து வந்தவரிடம் சத்தம் போட்டேன்.

"உங்களுக்கு எதுக்குத் தங்கச்சி செரமம்?" என்றார். சட்டைப் பைக்குள் பாலித்தீன் தாளில் சுற்றிய தீப்பெட்டி மட்டும் நனையாமல் இருந்தது. தீப்பெட்டி நீட்டுவதில் எனக்கு என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்வரை புலம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், "ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று முடித்துவிட்டார்.

ஊரில் அவருக்குச் சிலோன்காரர் என்று பெயர். கொடைக்கானல் மலையில் எங்கள் கூக்காலுக்குக் குடிவந்து இருபது வருடம் கழிந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. நான் அண்ணே என்பேன். அவர் மனைவி எனக்கு மதினி. பிள்ளைகள் இல்லை. குத்தகைக்கு எடுத்த சரிவில் பூண்டும் காரட்டும் போட்டுப் பிழைத்தார்கள்.

கேட்கத்தான் அவருக்கு வராது. கொடுப்பதென்றால் முந்திக்கொள்வார். எங்கள் தண்ணீர்க் குழாய் எங்காவது பிடுங்கிக்கொண்டால், நாங்கள் எழுந்து பார்ப்பதற்குள் வெள்ளனே போய் மாட்டிவிட்டு வந்திருப்பார். முதல் காரட் எங்கள் வாசலுக்குத்தான் வரும். பதிலுக்கு நான் மொச்சைக் குழம்பு கொடுத்துவிட்டால், அன்று மாலையே கிண்ணம் நிறைய ஏதாவது திரும்பி வரும், நான் கொடுத்ததைவிட ஒரு பங்கு கூடவே இருக்கும். ஊரே அவரைப் பெரிய மனசுக்காரர் என்றது. வாங்கத் தெரியாதவர் கொடுத்துக்கொண்டே இருப்பதும் ஒருவகை மிடுக்குதான் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒருமுறை விதைப்பூண்டு பார்க்கக் கிளம்பினோம். வாடகைக்கு எடுத்த ஜீப்பை அவர் ஓட்ட, நானும் மதினியும் பின்னால் இருந்தோம். ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு ஆள் மாட்டைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றிருந்தார்.

"வழி கேளுங்கண்ணே" என்றேன்.

"தெரியும் தங்கச்சி."

தெரிந்த லட்சணம், ஒரு மணி நேரம் கழித்துக் கேரள எல்லையை ஒட்டிய கிளாவரையில் போய் நின்றோம். அதற்கு மேல் ரோடு கிடையாது. அவர் இறங்கி நாலாபக்கமும் பார்த்தார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "இங்கயும் ஒரு சோலி இருந்துச்சு" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ரோடு முடிஞ்சதால பொழைச்சோம் புள்ள. இல்லன்னா நம்மளக் கேரளாவுல கொண்டுபோயி எறக்கிட்டு, அங்கயும் ஒரு சோலின்னுருப்பாரு."

மதினிதான் ஒருநாள் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்தக் கதையைச் சொன்னாள். "சிலோன்ல தேயிலத் தோட்டத்து லயத்த விட்டுக் கப்பல் ஏறி வந்தப்ப அவருக்கு எட்டு வயசு. கேம்ப்ல எல்லாத்துக்கும் வரிசை. சோத்துக்கு வரிசை, துணிக்கு வரிசை, கார்டுக்கு வரிசை. ஒருநா, இன்னுங் கொஞ்சம் குடுங்கன்னு தட்ட நீட்டிருக்காரு. கரண்டியால அந்தத் தட்டுலயே ஒரு போடு போட்டுப் போடான்னுட்டானாம். தட்டு கீழ விழுந்து உருண்டு போச்சாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அதோட சரி."

கேட்டபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு யாரோ கரண்டியால் அடித்ததற்கு நான் என்ன செய்தேன், என்னிடம் எதற்கு வீம்பு என்று ஒரு மூலையில் கோபமும் இருந்தது.

மதினிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்தபோது நிலைமை மாறிவிட்டது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மெஷினுக்கு முறை கிடைத்தது கீழே, சமவெளியில். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைப் பற்றிச் சொல்வதற்கில்லை. வந்தாலும், ஒவ்வொரு வளைவிலும் மதினி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மாட்டை விற்று ஒரு பழைய ஜீப் வாங்கினார். பின்சீட்டில் மெத்தையைப் போட்டு, அவள் சாய்ந்துகொள்ள இரண்டு தலையணை கட்டினார். விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டும்போது திரும்புவார்கள். மூன்று வருடம் அப்படி ஓடியது.

வண்டி வேலை எல்லாம் அவரே பார்ப்பார். எங்கே கற்றார் என்பது என் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. தம்பி, மலையிறங்குகிற வழியில் பெருமாள்மலையில் ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். "யக்கா, ஒங்க பக்கத்து வீட்டு ஆளு வர்றப்பல்லாம் எதுத்தாப்புல டீக்கடையில நிக்கிறாரு. டீ ஆறிப் போகுது, கண்ணு பூரா எங்க வேலையிலதான் கெடக்கு. உள்ள வாங்கண்ணேன்னு கூப்பிட்டா, இல்ல தம்பின்னு வண்டிய எடுத்துட்டுப் போயிர்றாரு" என்றான். மதினி ஜீப்பில் தூங்கிக்கொண்டிருப்பாள். இவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பிரேக் கட்டையை மாற்றுவது எப்படி, சக்கரத்தைக் கழற்றுவது எப்படி என்று பார்த்துக்கொள்வார். மறுநாள் வீட்டில் அப்படியே செய்வார். பெரும்பாலும் சரியாகவே செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை, ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. இவர்கள் ஜீப் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. "மரத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பிய வண்டியோட வரச் சொல்றேண்ணே. மதினியத் தாங்கிப் புடிச்சு அந்தப் பக்கம் ஏத்திருவோம்" என்றேன். "வேணாம் தங்கச்சி, நாங்க பாத்துக்குறோம்" என்றார். மரத்தை அறுத்து எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மதினியின் முறை போயிற்று. அடுத்த முறை செவ்வாய்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இனிமேல் நானாகப் போய் எதையும் சொல்ல மாட்டேன், அவராக வாயைத் திறந்து கேட்கட்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் செய்துகொண்டேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கே அவர் ஜீப்புக்கு அடியில் இருந்தார். கியர் பாக்ஸ் கொஞ்ச நாளாகவே கூவியது. மறுநாள் மதினியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது நடு மலையில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்று கியர் ஆயிலை மாற்ற உட்கார்ந்தார். அதில் இரண்டு மூடி. அடியில் இருப்பது பழைய ஆயிலை இறக்குவதற்கு. பக்கவாட்டில், உயரத்தில் இருப்பது புது ஆயிலை ஊற்றுவதற்கு. தொழில் தெரிந்தவன் எவனும் முதலில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிப் பார்ப்பான். அது வருகிறது என்று உறுதியான பிறகுதான் அடி மூடியில் கை வைப்பான். ஆனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்குக் கறுப்பு ஆயில் சட்டியில் ஊற்றுவதுதான் தெரியும். அதற்கு முன்னால் மெக்கானிக் பக்கவாட்டு மூடியை அரைச் சுற்று இளக்கிப் பார்ப்பது தெரியாது.

அவர் அடி மூடியைத் திறந்துவிட்டார். ஆயில் முழுக்க இறங்கிவிட்டது. ஊற்றுகிற மூடி அசையவில்லை. எண்ணெய் இல்லாத கியர் பாக்ஸோடு வண்டியை எடுத்தால் அடுத்த ஊரான பூம்பாறை போய்ச் சேருவதற்குள் பல்லெல்லாம் கடித்துக்கொண்டு இறுகிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது சன்னலில் இருந்து எனக்குத் தெரிந்தவை இரண்டு கால்களும் சுத்தியல் சத்தமும்தான். எட்டு மணிக்கு ஊரில் இருந்த இன்னொரு ஜீப் எங்கள் பூண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருந்தார். நான் கையைக் காட்டியிருந்தால் நின்றிருக்கும். மூட்டையை இறக்கிவிட்டு மதினியை ஏற்றியிருக்கலாம். நான் வேலிப் பக்கம் போய் நின்று, "என்னண்ணே, ஏதாச்சும் வேணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. ஒரு மூடிதான். வந்துரும்" என்றது அடியிலிருந்து குரல்.

சரிதான் என்று உள்ளே வந்துவிட்டேன். ஜீப் வளைவில் மறைந்தது.

பத்து மணி வாக்கில் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. மூடியில் ஊற்றி ஊறப்போட்டிருந்தார். பிறகு அடுப்பிலிருந்து தணலை அள்ளிக்கொண்டு வந்து சூடு காட்டினார். ஸ்பேனரின் முனையில் நீளக் குழாயைச் செருகி, இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி அவர் முழங்கை இரும்பில் மோதிய சத்தம் என் அடுப்படிக்குக் கேட்டது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் மூடியின் முனைகள் தேய்ந்து உருண்டையாகிக்கொண்டிருந்தன. பிடிக்கவே இடமில்லாமல் போனதும் உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

மதினி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. நான் கஞ்சி கொண்டுபோனபோது தொடவில்லை.

"மூச்சு இழுக்குது புள்ள" என்றாள் மெதுவாக. "அவருகிட்ட சொல்லிராத. பதறிப்போயிக் கையக் கிழிச்சுக்குவாரு."

"நூத்தியெட்டக் கூப்பிடவா மதினி?"

"அது மலையேறி வர்றதுக்குள்ள இவரு முடிச்சுருவாரு. நாளைக்குத்தான நம்ம முறை?"

நான் திரும்பி வந்தேன். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இழவு வீட்டுக்கு யாரும் சொல்லி அனுப்பக் காத்திருப்பதில்லை. நான் காத்திருந்தேன். பன்னிரண்டு மணி தாண்டியும், அடுப்பில் ஒரு கண்ணும் அந்தக் கால்கள் மேல் ஒரு கண்ணுமாக, அவர் வந்து கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவரிடம் இருந்த அந்த வீம்பு என்னிடமும் அதே அளவுக்கு இருந்தது என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஒரு மணிக்குச் சுத்தியல் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் வெளியே வந்து மதினியின் முன்னால் நின்றிருந்தார். அவள் உதடு நீலமாகியிருந்தது. தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. அவர் பார்த்துவிட்டார்.

வேலிக்கு வந்தார். முகமெல்லாம் கறுப்பு ஆயில். வலது கையில் ரத்தம் வழிந்து ஸ்பேனரில் சொட்டியது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் பிடித்திருந்தார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"எனக்கு ஏலாமப் போச்சு தங்கச்சி" என்றார். "ஒரு கை குடுங்க."

இந்த நிமிடத்துக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அந்த முகத்தை எட்டு வயதில் யாராவது பார்த்திருப்பார்களா என்று தோன்றியது.

"தம்பியக் கேட்டுட்டு வாரேண்ணே" என்று ஓடினேன். எங்கள் ஊரில் ஏரிக்கரை மேட்டில் ஏறினால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்த மூடியோட எதுக்குக்கா மல்லுக்கட்டுறாரு? உள்ள உக்காந்தா கையில கியர் கம்பி இருக்குல்ல, அதுக்கு அடியில ஒரு மேல்மூடி இருக்கும். நாலு போல்ட்டக் கழட்டிட்டுக் கம்பியோட தூக்கிரச் சொல்லு. அதுவழியா ஊத்தலாம். சட்டியில எம்புட்டு ஆயில் எறங்கியிருக்கோ அம்புட்டு ஊத்துனாப் போதும். எம்புட்டு நேரமா இப்படிக் கெடக்கு?"

"காலையில ஆறு மணியில இருந்து."

"அடக் கடவுளே. ஒரு போன் போட்டிருந்தா அரை மணி நேர வேலைதானேக்கா."

ஓடிவந்து மேல்மூடியைப் பற்றி மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு போல்ட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கழன்று வந்தன. அந்தத் திறந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு அடி மூடியை இறுக்கிவிட்டு வந்து புது ஆயில் டின்னைத் தூக்கினார். ரத்தத்தில் பிடி வழுக்கியது. நான் டின்னின் அடியைத் தாங்கிப் பிடித்தேன். "நல்லாப் புடிங்க தங்கச்சி" என்றார்.

மூடியை மாட்டிக் கிளம்பும்போது மணி இரண்டு. நாளை வரை காத்திருக்க முடியாது, முதலில் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மூச்சைச் சீராக்கி, அங்கிருந்து கீழே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தோம். மதினியைத் தூக்கிப் பின்சீட்டில் என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். என் வீட்டுக் கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. ஜீப் கூவாமல் ஓடியது.

"வெரசாப் போங்கண்ணே" என்றேன். போய்க்கொண்டுதான் இருந்தார்.

பூம்பாறை வருவதற்குச் சற்று முன்னால் மதினி என் கையைச் சுரண்டினாள்.

"அவரு வந்து கேட்டாரா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்தாள்.

"கேட்டாரு மதினி."

"என்னன்னு?"

"எனக்கு ஏலாமப் போச்சு தங்கச்சி, ஒரு கை குடுங்கன்னாரு."

அந்த நிலையிலும் மதினியின் முகத்தில் சிரிப்பு வந்தது. "நாப்பது வருசமாச்சு புள்ள. எங்கிட்ட ஒரு வாய்த் தண்ணி குடுன்னு கேட்டதில்ல. தாகம்னா அவரே எந்திரிச்சுப் போயி மோந்து குடிப்பாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். வேலிக்கு வந்து நின்றதை, வாயைத் திறந்து மூடியதை, ஸ்பேனரைக் கீழே போடாமல் பிடித்திருந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாள். நிறுத்தினால் என் கையை அமுக்கினாள். திரும்பச் சொன்னேன்.

பூம்பாறை தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறும்போது அந்தக் கை அமுக்குவதை நிறுத்திவிட்டது. என் மார்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பாரம் அசையாமல் ஆயிற்று. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மதினி போய்விட்டாள்.

எனக்கு அலறத் தோன்றியது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், மஞ்சு மூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்தால் ஸ்டீயரிங் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே பேச்சை நிறுத்தாமல் கொண்டுபோனேன். "அப்புறம் மதினி, ரெண்டு பேருமா டின்னப் புடிச்சு ஊத்துனோம். நல்லாப் புடிங்க தங்கச்சின்னாரு." குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டேன். பொட்டை அழித்துவிடுவேனோ என்று பயந்து, நெற்றியைத் தொடாமல் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை வளைவு போயிற்று என்று தெரியவில்லை.

"தங்கச்சி" என்றார் முன்னாலிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை. கண் ரோட்டில்தான் இருந்தது. ஆனால் அதுவரை மிதித்துக்கொண்டு வந்த வேகத்தைக் குறைத்திருந்தார். வண்டி இப்போது மெதுவாக, பள்ளம் பார்த்து, குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. இனி அவசரமில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"வேலிக்கு நா வந்து கேட்டேன்ல" என்றார். "அத அவளுக்கு இன்னொருக்கா சொல்லுங்க தங்கச்சி."

நான் மதினியின் காதருகே குனிந்து, அவருக்கும் காதில் விழுகிற மாதிரி, முதலில் இருந்து சொன்னேன்.